மஞ்சள் கள்ளிமுளையான்

அத்தியாயம் ஆறு

பாறை இடுக்கில் பட்டை வாசனை அடிக்கிறது என்று ஆனந்தராஜ் சொன்னபோது, நார்த்தாமலை வெயில் அவன் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

“சத்தியமா அத்தான். பிரியாணிக்குப் போடுற பட்டை. இங்கிட்டு வந்து மோந்து பாருங்க.”

ஆனந்தராஜ் என் மனைவியின் தம்பி. குவைத்தில் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். நான் துப்புத் துலக்கப் போகும் இடத்துக்கெல்லாம் கார் ஓட்டி வருகிறான். கார் நின்றாலும் அவன் வாய் நிற்பதில்லை. ஆனால் அவன் மூக்கு இதுவரை என்னை ஏமாற்றியதில்லை.

முழங்காலை ஊன்றிக் குனிந்தேன். பட்டைதான்.

சனிக்கிழமை முற்பகல் பதினொன்றரை மணி. மாலை ஐந்து மணிக்குள் என் தங்கை செவந்தி திருடவில்லை என்று நான் நிரூபித்தாக வேண்டும்.

செவந்தி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வல்லத்திராக்கோட்டையில் இருக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன் ‘பச்சை வட்டம்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாள். காட்டுச் செடியோ தொட்டிச் செடியோ, படம் போட்டு இது என்ன என்று கேட்பார்கள். பதினொரு பேரும் அடித்துப் பேசி ஒரு பெயருக்கு வருவார்கள். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பூ, முழுச் செடி என்று நான்கு படம் இல்லாமல் யாரும் பெயர் சொல்லக் கூடாது. காட்டில் எதன் வேரையும் தொடக் கூடாது. வேரைத் தொட்டவர் பெயரை எல்லார் முன்னிலையிலும் அடித்துவிடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை செவந்தி ஒரு கள்ளிமுளையான் படம் போட்டாள். இந்தப் பக்கத்துப் பாறைகளில் அது புதிதல்ல. இலையே இல்லாமல் விரல் தடிமனில் நான்கு பட்டையாக நிற்கும். பூ கருஞ்சிவப்பு. நாற்றமோ அழுகிய கறி. செவந்தி கண்டது வேறு. ஒரு புள்ளிகூட இல்லாத முழு மஞ்சள் பூ. இடத்தை அவள் இரண்டே பேரிடம் சொன்னாள். ஒருவர் குழுவின் தலைவர் அன்புமொழி, ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். இன்னொருவர் திருமயத்தில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் புவனேஸ்வரி.

புதன்கிழமை காலை புவனேஸ்வரி போய்ப் பார்த்தபோது செடி இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. அங்கேயே நின்று குழுவில் எழுதிவிட்டார்: ‘செவ்வாய்க்கிழமை தனியாக மலைக்குப் போன டீச்சரைக் கேட்டால் தெரியும்.’

செவந்தி போனது உண்மை. அடுத்த மொட்டு விரிந்ததா என்று பார்க்கத்தான் போனேன் என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. இன்று ஐந்து மணிக்கு அன்புமொழி வீட்டில் கூட்டம். அவள் பெயரை அடிப்பதற்கான கூட்டம்.

பங்காளி வரப்பில் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடாத குடும்பம் எங்களுடையது. எல்லைத் தகராறு வந்தால், ‘அய்யாக்கண்ணு சர்வேயர் கல் ஊன்றினால் சரி’ என்று என் பெயரைச் சொல்லி இரண்டு தரப்பும் ஒதுங்கிக்கொள்வார்கள். முப்பத்தாறு வருஷம் அப்படிச் சம்பாதித்த பெயர். அந்த வீட்டுப் பெண்ணை செல்போனில் திருடி என்று எழுதிவிட்டு, கீழே ஒரு அரளிப் பூவுக்குப் பெயர் கேட்டிருந்தார்கள்.

“ஆடு மேய்க்கிறவங்க புளி வச்சுத் தொவையல் அரைக்கிற சாமான் அத்தான் இது. இதுக்கா இம்புட்டு ரகளை?”

“மஞ்சள்ல எவனும் அரைச்சதில்ல மாப்ளே. குழியைப் பாரு.”

உள்ளங்கை அகலக் குழி. வேர் ஒன்றுகூட அறுந்து கிடக்கவில்லை. எடுத்த பிறகு பாதிவரை சரளைக்கல் போட்டு மூடியிருந்தார்கள். ஓரத்தில் விரல் நீளத் தண்டு ஒன்று திரும்ப ஊன்றப்பட்டிருந்தது. அதன் வெட்டுவாயில்தான் பட்டைத் தூள் தடவியிருந்தது. தண்டின் கழுத்தில் வெள்ளை நூல், இரட்டை முடிச்சு.

“திருடுனதுல ஒரு துண்டைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருக்கான் அத்தான். நம்மூர்ல சங்கிலி அறுக்கிறவனும் இப்பிடி ரெண்டு கண்ணியாச்சும் விட்டுட்டுப் போகலாம்.”

“செடியைக் கொல்ல மனசு வராத ஆளு. பட்டைத் தூள் எதுக்குத் தடவுவாங்க?”

“அக்கா ரோசாச் செடிக்குத் தடவுமே. வெட்டுன எடம் அழுகாதாம். தொட்டிச் செடி வளக்குறவங்க வேலை.” அவன் கண்கள் விரிந்தன. “மாடித்தோட்டம்! வண்டியைத் திருமயத்துக்கு விடவா?”

“நூல் எதுக்கு?”

“திருஷ்டிக்கு இருக்கும். வாங்க அத்தான்.”

நான் படம் எடுத்துக்கொண்டேன். தண்டைத் தொடவில்லை.

திருமயம் கோட்டைக்குப் பின்தெருவில் புவனேஸ்வரியின் வீடு. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். வாசலில் கால் வைத்ததுமே, “டீச்சரோட அண்ணன்தானே? சிபாரிசுக்கு வந்திருந்தா காபி மட்டும்தான் கிடைக்கும்” என்றார்.

“காபியும் வேண்டாங்க. தோட்டத்தைப் பார்க்கணும்.”

மாடிப்படி ஏறும்போது ஆனந்தராஜ் என் காதில் கிசுகிசுத்தான். “அத்தான், வெங்காயமே சேக்காத வீடு இது. இம்புட்டு ஈ எதுக்கு வந்துச்சு?”

படியின் மேல்முனையில் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அழுகிய கறியின் நாற்றம் லேசாக இறங்கி வந்தது. நான் என் நடையை மாற்றவில்லை. ஆனால் ஐந்து மணிவரை காத்திருக்க வேண்டாம் போலிருந்தது.

மாடியில் அடீனியம், காகிதப்பூ, குரோட்டன்ஸ், நாற்பது ஐம்பது தொட்டிகள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் பட்டையில் அச்சடித்த பெயர் குத்தியிருந்தது. மூலையில் மட்டும் ஒரு தொட்டி. அதன் மேல் கூடை கவிழ்த்திருந்தது. கூடையைச் சுற்றித்தான் ஈக்கள்.

“எடுக்கட்டுமா அத்தான்?”

“எடு.”

ஆனந்தராஜ் கூடையைத் தூக்கினான். நான்கு பட்டைத் தண்டு. உச்சியில் பந்துபோலப் பூங்கொத்து.

கருஞ்சிவப்பு.

“போச்சு” என்றான் ஆனந்தராஜ்.

“என்ன போச்சு?” புவனேஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “மூணு வருஷமா என்கிட்ட இருக்குற செடி. நர்சரியில வாங்கினது. நீங்க மஞ்சளைத் தேடி வந்தீங்க, இல்லையா?”

“ஏன் மூடி வச்சிருக்கீங்க?”

அவர் காய்ந்த காகிதப்பூ ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.

“டீச்சர் போட்ட படத்தைப் பார்த்ததிலேருந்து இதைப் பார்க்கவே பிடிக்கலை. மூணு வருஷம் தண்ணி ஊத்தியிருக்கேன். ஒரு தடவையாவது மஞ்சளாப் பூத்திருக்கலாம்ல? அவங்க சும்மா நடந்து போனாங்க. அவங்களுக்காகப் பூத்து நின்னிருக்கு. பொறாமைன்னு எழுதிக்குங்க சார், எனக்கு வெட்கமில்லை. ஆனா நான் எடுக்கலை.”

“பட்டைத் தூள் தடவியிருக்காங்க. உங்க வழக்கம்தானே?”

“என் வழக்கம்தான். போன மாசம் குரூப்ல நானே எழுதிப் போட்டேன். பதினொரு பேரும் படிச்சாங்க.”

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். நூலைப் பார்த்ததும் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை விரலால் பெரிதாக்கினார்.

“நாங்க பிளாஸ்டிக் பட்டை குத்துவோம் சார். நூல் கட்ட மாட்டோம். நூல் கட்டுறது காலேஜ்காரங்க. வெட்டின உடனே நூல்ல நம்பர் அட்டை கட்டித் தொங்கவிடுவாங்க. இதுல அட்டையை மட்டும் கழட்டியிருக்காங்க.” சொல்லிவிட்டு, தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. படியின் பக்கம் ஒரு முறை பார்த்தார். “ஒண்ணு சொல்றேன். டீச்சர் படத்துக்கு எல்லாரும் கைதட்டுற பொம்மை போட்டாங்க. நானே போட்டேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு. ஒரே ஒருத்தர் போடலை. பெரியவர், இதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லைன்னு நினைச்சேன்.”

கீழே இறங்கி வந்து காரில் ஏறும்வரை ஆனந்தராஜ் பேசவில்லை. அது அதிசயம்.

“அத்தான். புரொபசர்தான்னு ஒங்களுக்கு முன்னாடியே தோணுச்சா?”

“தோணுச்சு. அதனாலதான் அந்தப் பக்கம் போகலை.”

“வெளங்கலையே.”

அவனுக்கு விளக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் சொன்னேன். சின்ன வயதிலிருந்து செவந்தி எதையும் என்னிடம்தான் கேட்பாள். வீட்டு மனைக்கு எல்லை எது, மகனுக்கு எந்த காலேஜ், எல்லாம். இந்த மூன்று மாதமாக எதற்கெடுத்தாலும் ‘சார் சொன்னாருண்ணே’. என் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு என் வேப்பமரத்தைப் பற்றியே ‘சார் சொன்னாருண்ணே’. அந்த மனிதர் குற்றவாளியாக இருந்தால் எனக்கு இனிக்கும் என்று தெரிந்திருந்தது. இனிக்கிற பக்கம் முதலில் போகிறவன் நேர்மையான சர்வேயர் இல்லை.

“நல்ல பாலிசிதான் அத்தான். இதுல பெட்ரோல் மட்டும் என்னோடது.”

புதுக்கோட்டையில் அன்புமொழியின் வீட்டை அடைந்தபோது மணி மூன்று. கூட்டத்துக்காக ஹாலில் நாற்காலிகளை அவரே வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பையில் பென்சில்.

“வாங்க சர்வேயர் சார். தங்கச்சிக்காக வந்திருக்கீங்க. எனக்கும் சங்கடம்தான். குரூப் விதின்னு ஒண்ணு இருக்கே.”

சுவரெல்லாம் மர அலமாரிகள். அவற்றில் உலர்த்தி ஒட்டிய செடிகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளை நூல், எண் எழுதிய சிறு அட்டை. ஆனந்தராஜ் நூலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“எத்தனை எண் வரைக்கும் வந்திருக்கு சார்?” என்று கேட்டேன்.

“நாலாயிரத்து நூத்திப் பதினெட்டு.” யோசிக்காமல் வந்தது பதில். “நாற்பத்தியொரு வருஷம். நடுவுல ஒரு எண் விட்டுப் போனதில்லை, ஒரு எண் ரெண்டு தடவை வந்ததில்லை.”

“கடைசி எண் என்னைக்கு ஏறுச்சு?”

அவர் கையிலிருந்த நாற்காலி பாதியில் நின்றது.

மேசையில் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. நான் அதைத் தொடவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

“சார், நானும் அளவுப் புத்தகம் எழுதினவன்தான். வயல்ல நின்னு அளந்ததை அங்கேயே புத்தகத்துல ஏத்தணும். சொந்த அண்ணன் தம்பி நிலமா இருந்தாலும் சரி, மந்திரி வீட்டு நிலமா இருந்தாலும் சரி, அளந்தது என்னவோ அதுதான். தப்பா எழுதச் சொல்லி என்னைப் பல பேர் மிரட்டியிருக்காங்க. கை வராது. ஒங்களுக்கும் வராதுன்னு நினைக்கிறேன். நான் இதைத் தொறக்க மாட்டேன். கடைசிப் பக்கத்தை நீங்களே படிங்க.”

“அத்தான்,” ஆனந்தராஜ் என் கையைச் சுரண்டினான், “மாத்திப் படிச்சுட்டார்னா?”

“படிக்கட்டும்.”

அன்புமொழி நாற்காலியை இறக்கிவைத்தார். அதிலேயே உட்கார்ந்தார். நோட்டை எடுத்துப் பிரித்தார். கண்ணாடி தேவைப்படவில்லை, அது அவருக்கு மனப்பாடம்.

“எண் நாலாயிரத்து நூத்திப் பதினெட்டு. கள்ளிமுளையான். பூ முழு மஞ்சள். நார்த்தாமலை. செவ்வாய்க்கிழமை, மாலை அஞ்சு நாப்பது. சேகரித்தவர் அன்புமொழி.” அங்கே நிறுத்தினார். “முதலில் கண்டவர், செவந்தி.”

ஆனந்தராஜ் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். “திருடிட்டு, யார்கிட்ட திருடினேன்னும் எழுதி வச்சிருக்கீங்களா சார்?”

“வேற எப்படி எழுதுறது? அவங்கதானே கண்டாங்க.”

அந்தக் குரலில் நடிப்பு இல்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

“நாற்பத்தியொரு வருஷம் அந்த மலையில நடந்திருக்கேன்” என்றார். “என் மாணவர்கள் நடந்திருக்காங்க. டீச்சர் வந்து மூணு மாசம். ரப்பர் செருப்போட, ஆட்டுக்காரங்ககிட்ட பேசிக்கிட்டே நடந்து அதைப் பார்த்துட்டாங்க. அந்தப் படத்துக்குக் கீழ வாழ்த்துகள்னு நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் அழிச்சேன். என் அலமாரியிலயாவது முதல்ல இருக்கட்டும்னு போய் எடுத்துட்டேன்.”

“எங்கே இருக்கு?”

சமையலறைக்கு அழைத்துப் போனார். ஜன்னல் ஓரத்தில் ஒரு மண்சட்டி. அதில் நிமிர்ந்து நின்றது அந்தச் செடி. உச்சியில் ஒரே பூ, புது மஞ்சள் கிழங்கை வெட்டிய நிறம்.

“இது சாதாரணமாக் காயாது. கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்தாத்தான் உலரும். மூணு தடவை அடுப்பைப் பத்த வச்சுத் தண்ணி கொதிக்க வச்சேன். மூணு தடவையும் அணைச்சுட்டேன்.”

“செடியைக் கொதிக்க வைக்க மனசு வரலை. செவந்தியைப் பதினொரு பேருக்கு நடுவுல கொதிக்க வைக்க வந்துச்சா?” என் குரல் உயர்ந்துவிட்டது. பிறர் வீட்டுச் சமையலறையில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. “புவனேஸ்வரி எழுதினப்ப நீங்க வாயைத் திறக்கலை. கூட்டத்துக்கும் நீங்களே நாள் குறிச்சீங்க. எடுத்ததைவிட அது பெரிசு.”

அவர் தலையாட்டினார். “தெரியும். அஞ்சு மணிக்கு நானே சொல்றேன்.”

“சொல்ல வேண்டாம். படிங்க. நோட்டுல எப்படி இருக்கோ அப்படியே.”

ஐந்து மணிக்குப் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். செவந்தி கடைசியாக வந்தாள். கடைசி வரிசையில், வாசலை ஒட்டிய நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்து போகத் தயாராக வந்தவள் உட்காரும் விதம் அது. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆனந்தராஜ் எங்கள் பின்னால் நின்றான்.

அன்புமொழி எழுந்து நின்று படித்தார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. படித்து முடித்து நோட்டை மூடினார். மண்சட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

அதற்குள் ஒரு ஈ வந்து சேர்ந்திருந்தது.

புவனேஸ்வரிதான் முதலில் பேசினார். “டீச்சர், நான் எழுதினதை இப்பவே அழிச்சிடுறேன்.”

“அழிக்காதீங்க” என்றாள் செவந்தி. “அது அங்கயே இருக்கட்டும். அதுக்குக் கீழ சார் இப்பப் படிச்சதைப் போடுங்க.”

எனக்கு நெஞ்சு நிறைந்தது. எங்கள் அப்பா பேசுவது போலவே இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, அத்தனை பேரையும் பார்த்துச் சொன்னேன்:

“நீங்க பதினொரு பேரும் நல்லாக் கேட்டுக்குங்க. ஊரே சொன்னாலும், எங்க வீட்டுப் பொண்ணை நான் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்பட்டதில்லை.”

உட்கார்ந்தேன். செவந்தி என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி, உதடு அதிகம் அசையாமல் பேசினாள்.

“அண்ணே, வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தீங்கள்ல.”

“ஆமா.”

“கை கழுவிட்டு வாரேன்னு கொல்லைப் பக்கம் போனீங்க. நீங்க கார் ஏறுனதும் நானும் போனேன். தொட்டாச்சிணுங்கி ஒரே கோடா மூடிக் கெடந்துச்சு. கெணத்தடியிலேருந்து என் தொட்டி வரிசை வரைக்கும். அங்கிட்டுத் தண்ணிக் குழாயே இல்லண்ணே.”

நான் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன்.

“எலை விரியப் பத்து நிமிசம் ஆச்சு. அதுவரைக்கும் அங்கயே நின்னேன்.”

ஒவ்வொரு தொட்டியாக நகர்த்திப் பார்த்தேன் அன்று. செம்பருத்திக்குப் பின்னால், சாக்குக்கு அடியில்கூட. இல்லை என்று தெரிந்த பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன். அதை ஆனந்தராஜிடம்கூடச் சொல்லவில்லை. செவந்தியும் மூன்று நாளாக என்னிடம் கேட்கவில்லை. இப்போதும் அந்த ஹாலில் வேறு யார் காதிலும் அவள் அதைப் போடவில்லை. நான் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம். டீ வந்துகொண்டிருந்தது. பேச்சு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

எழுந்தேன்.

“ஒரு நிமிஷம்” என்றேன். தம்ளர்களின் சத்தம் நின்றது. “இப்ப நான் சொன்னது பொய். வியாழக்கிழமை காலையில இவளுக்குத் தெரியாம இவ கொல்லையில நான் தேடினேன். சந்தேகப்பட்டுத்தான் தேடினேன். சார் அவரோட பக்கத்தைப் படிச்சாரு. இது என்னோட பக்கம்.” அவளைப் பார்த்தேன். “தப்புத்தான் ஆத்தா.”



செவந்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பேராசிரியரைப் பார்த்தபோது அவள் கண்ணில் இல்லாத கோபம் இப்போது இருந்தது. அது அன்று தணியவில்லை. ஆனாலும் கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

“உக்காருங்கண்ணே” என்றாள். பிறகு எல்லாரையும் பார்த்து, “இருட்டுறதுக்குள்ள செடியை அது இருந்த எடத்துலயே திரும்ப நட்டுரணும். களைக்கொத்தி யாரு எடுத்துட்டு வாரீங்க?” என்று கேட்டாள்.

அன்புமொழி தயங்கிக் கையைத் தூக்கினார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

“நான் எடுத்துட்டு வாரேன்.”